ஏழாம் பாட்டின் மிச்சம்

எனக்கு அந்தப் பாட்டுகளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ஹுஸைன் நானாவுக்கும் ஜப்பான் பாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கதை கட்டக் கூடாது. பிடிக்காத பதினொரு பாட்டுகளைக் காலையும் மாலையும் ஒன்பது வருஷம் கேட்டவன் நான். கஹவத்தைக்கு மேலே இருக்கும் தோட்டத்திலிருந்து கார்மண்டுக்கு, அதாவது சட்டை தைக்கிற பெக்டரிக்கு, வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் என்னுடையது; அவர்களுக்கு நான் அண்ணன் முறை, அதனால் நானா. ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. என் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற ஜீவராணியைப் பற்றி.

வேனை 2016இல் வாங்கினேன். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி வந்த வண்டி. சாவியைத் திருப்பினால் ஒரு பெண்குரல் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லும். மரியாதையாகத்தான் சொல்லும், என்னவென்றுதான் விளங்காது. பிள்ளைகள் அந்தக் குரலுக்கு “சரிங்க மேடம், சரிங்க” என்று பதில் கொடுப்பார்கள். ரேடியோவில் நம்முடைய ஸ்டேஷன் எதுவும் ஒழுங்காக இழுக்காது. அவர்களுடைய ரேடியோவின் அளவு வேறு, நம்முடையது வேறு என்று கராஜில் வண்டி திருத்துகிற பாஸ் சொன்னார். மிச்சம் இருந்தது செட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த ஒரு சீடி. அது பாடும், ஆனால் வெளியே வராது. பெல்மதுளையில் ஒரு பாஸ், இரத்தினபுரியில் ஒரு பாஸ், இரண்டு பேரும் ஸ்குரூட்ரைவரை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். சீடி அசையவில்லை. ஏழாம் பாட்டில் ஒரு கீறல் விழுந்ததுதான் கண்ட பலன்.

அன்றிலிருந்து ஏழாம் பாட்டு பாதியில் ஓரிடத்துக்கு வந்ததும் டக்கென்று எட்டாம் பாட்டுக்குத் தாவிவிடும். நாள் தவறாமல் அதே இடம்.

பாட்டுகள் எல்லாம் நாலு பெண்கள் சேர்ந்து பாடுவது. தடதடவென்று டிரம், கைதட்டல், நடுநடுவே “ஹேய்! ஹேய்!” என்று ஒரு கத்தல். வாயில் மிட்டாயை வைத்துக்கொண்டே பாடுகிற மாதிரிக் குரல். காலை ஆறு மணிக்கு, தூக்கம் கலையாத பதினாலு பிள்ளைகளுக்கு இது. ஏழாம் பாட்டு மட்டும் கொஞ்சம் நிதானமானது. அது எனக்கும் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

ஜீவராணிக்கு அப்போது பதினெட்டு வயது. ஓ லெவல் எழுதிவிட்டு நேராக மெஷினுக்கு வந்தவள். அப்பா காத்தமுத்து ரப்பர் பால் வெட்டுகிறவர், அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. இவள் சட்டைக்குக் கை பொருத்துவாள், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். பக்கத்துச் சீட்டில் ஷாமிளா. தோட்டத்து வரிசை வீடான லயத்திலும் பக்கத்துக் காம்பராதான். ஜீவராணி ஒல்லி, பேச்சும் அளவுதான். ஷாமிளா நேர் எதிர். அவள் சிரித்தால் முன் கண்ணாடி அதிரும். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் பதினொரு பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஜீவராணி காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதி வைப்பாள். அவள் மேல் குரல், ஷாமிளா கீழ்க் குரல். நான் கண்ணாடியில் பார்த்து முறைப்பேன். ஒருத்தியும் கணக்கெடுக்க மாட்டாள்.

மடப் பாட்டின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத்தின் மேற்பிரிவை மேல்கணக்கு என்பார்கள். அதற்கு ஏறும் வழியில் ஒரு வளைவு. மழை பெய்தால் முழுக்கச் சேறு, டயர் அப்படியே புதைந்துவிடும். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கித் தள்ளுவார்கள். ஏழாம் பாட்டில் “மட... மட... கொனை” என்று திரும்பத் திரும்ப வரும். சிங்களத்தில் மட என்றால் சேறு. கொண என்றால் மூலை. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஜப்பான்காரிகள் நம்முடைய வளைவைத்தான் பாடுகிறார்கள் என்று வேனே முடிவுகட்டியது. அதற்கு மடப் பாட்டு என்று பெயர் வைத்தார்கள். தள்ளும்போது அதையே பாடித் தள்ளினார்கள். ஒரு தீபாவளிக்கு ஜீவராணியும் ஷாமிளாவும் தோட்டத்துக் கிளப்பில், சேற்றில் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற மாதிரி அந்தப் பாட்டுக்கு ஆடியும் காட்டினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை என்று கேள்வி.

ஒருமுறை புதுச் செட் போடப் போகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். எப்போதும் அளவாகப் பேசுகிற ஜீவராணிதான் வாய் திறந்தாள்.

“நானா, செட்ட மாத்துனீங்கன்னா நாங்க பஸ்ஸில போறோம்.”

“போங்களேன்,” என்றேன். “நின்னுக்கிட்டே போனாத் தெரியும், யாரு வேணாமுன்னது?”

மறுநாள் மூன்று பேர் உண்மையாகவே பஸ்ஸில் போனார்கள். புதுச் செட்டில் சத்தம் சரியில்லையாம் என்று நானே ஒரு காரணம் சொல்லி அந்தப் பேச்சை விட்டேன்.

2022 நாட்டில் எல்லாமே தட்டுப்பட்ட, எல்லாருக்கும் தெரிந்த வருஷம். பெட்ரோல் வரிசையில் வேனும் நானும் கிடந்தோம். கார்மண்டுக்கு ஓடர் குறைந்தது, ஆள் குறைத்தார்கள், அதில் ஷாமிளாவின் வேலையும் போனது. வீட்டில் படிக்கிற தம்பிகள் மூன்று பேர். குவைத்துக்கு வீட்டு வேலைக்கென்று ஒருவர் மூலம் ஏற்பாடானது. கட்டுநாயக்காவுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன்; வீட்டுக்காரர்களோடு ஜீவராணியும் வந்தாள். வழி நெடுக ஷாமிளாதான் மற்றவர்களைச் சிரிக்க வைத்தாள். விமான நிலையத்துக்குள் திரும்புகிற இடத்தில் ஏழாம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல டக்கென்று தாவியது. அப்போதுதான் அவள் குரல் மாறியது.

“இந்தப் பாட்டோட மிச்சத்த எப்பவாச்சும் எங்கயாச்சும் கண்டுபுடிச்சன்னா, தனியா கேட்டுறாதடி. நான் வந்தப்புறம் ரெண்டு பேரும் சேந்து கேப்போம். சத்தியம் பண்ணு.”

ஜீவராணி கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். இரண்டு வருஷ ஒப்பந்தம். இரண்டு வருஷம் என்ன பெரிய விஷயம் என்று நானும் சொன்னேன். எனக்கென்ன, சொல்லிவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்துச் சீட்டில் ஜீவராணி யாரையும் உட்கார விடவில்லை. தன் பேகை வைத்துக்கொள்வாள். “பேகுக்கும் சீட்டா?” என்று ஏசினேன். எடுத்து மடியில் வைப்பாள். அடுத்த நாள் திரும்பவும் சீட்டில் இருக்கும். பாடுவதும் நின்றுவிட்டது. மற்றப் பிள்ளைகள் பாடுவார்கள், இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். ஷாமிளாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் கையில் கிடைக்கும், அதுவும் பத்து நிமிஷம். மற்ற ஆறு நாளும் இவள் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே மெஷினை மிதித்தாள். நான் மிகைப்படுத்தவில்லை. வியாழக்கிழமையே முகம் தெளிந்துவிடும், சனிக்கிழமை பார்க்கச் சகிக்காது.

செட்டில் சின்னப் பச்சைக் கண்ணாடி ஒன்று உண்டு. பாட்டு ஓடும்போது அதில் எழுத்துகள் ஓடும், கோழி கிளறிய மாதிரி. பாடுகிறவர்களின் பெயர் அதில்தான் இருக்க வேண்டும் என்று ஜீவராணிக்கு ஒருநாள் பட்டது. பெயர் தெரிந்தால் பாட்டைத் தேடலாம், மிச்சத்தைக் கண்டுபிடித்து ஷாமிளா வரும்போது தயாராக வைத்திருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெல்மதுளையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் நடக்கிற ஜப்பான் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கே இருந்த முப்பது பேரும் ஜப்பானுக்கு வேலைக்குப் போகப் படிக்கிறவர்கள். சிங்களப் பிள்ளைகள்தான் அதிகம். சென்சேய், அதாவது வாத்தியார், ஒவ்வொருவரிடமும் ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டாராம். இவள், “எங்க வேன்ல ஓடுற எழுத்த வாசிக்கணும் சேர்,” என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். லயத்தில் அன்றிலிருந்து அவளுக்கு ஜப்பான் என்றே பெயர். “ஜப்பான், தண்ணி வருது, பைப்புக்கு வா” என்று கூப்பிடுவார்கள். அவளும் போவாள்.

அவள் கண்டுபிடித்த முதல் விஷயம், சாவி திருப்பும்போது பேசுகிற மேடம். உள்ளே ஏதோ ஒரு கார்ட் போடவில்லை என்றுதான் அந்த மேடம் சொல்கிறாளாம். ஏழு வருஷமாகப் போடவில்லை, போடவில்லை என்று முறையிட்டிருக்கிறாள், நாங்கள் சரிங்க சரிங்க என்றிருக்கிறோம்.

இரண்டாவது, மட.

ஒரு திங்கட்கிழமை வேனில் ஏறியதும் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். முதல்நாள் வகுப்பில், கல்யாணம் முடித்துவிட்டீர்களா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்று சென்சேய் சொல்லிக்கொடுத்தாராம். “மட தெஸ்” என்று சொல்ல வேண்டுமாம். இவள் கையைத் தூக்கி, “சேர், மட என்றால் சேறுதானே?” என்று கேட்டிருக்கிறாள். மாடியே சிரித்ததாம். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டால் சேறு என்று யார் சொல்வார்கள்? சென்சேய் பலகையில் எழுதிக் காட்டினாராம். மட என்றால் இன்னும். கொனை என்றால் வரவில்லை.

“அது சேத்துப் பாட்டு இல்லீங்க நானா,” என்றாள். “ஒருத்தி ரயில் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு, இன்னும் வரல, இன்னும் வரலன்னு பாடுறா. நாங்க அதுக்குக் காலத் தூக்கித் தூக்கி ஆடியிருக்கோம்.”

சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுவிட்டது. பேகை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அன்று செட்டில் ஏழாம் பாட்டு வந்தபோது வேனில் ஒருத்தியும் பாடவில்லை. மேல்கணக்கு வளைவில் நான் வேகத்தைக் குறைத்தேன். மழை இல்லை, குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வெள்ளிக்கிழமை அதை ஷாமிளாவிடம் சொன்னபோது அவள் போனில் சிரித்த சிரிப்பு எனக்கு முன்சீட்டு வரைக்கும் கேட்டது. “சேறுன்னே இருக்கட்டும்டி,” என்றாளாம். “எனக்குச் சேத்துப் பாட்டுத்தான் புடிச்சிருக்கு.”

அந்த வருஷக் கடைசியில் ஜீவராணி பச்சைக் கண்ணாடியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஃபூசென் லேடீஸ். ஃபூசென் என்றால் பலூனாம். போனில் தேடி ஒரு படத்தை எடுத்து எனக்குக் காட்டினாள். நாலு பெண்கள், முழங்கால் வரைக்கும் ஏறுகிற வெள்ளி நிறப் பூட்ஸ் சப்பாத்து, அடி அரைச்சாண் உயரம். ஒருத்தியின் கண்ணைச் சுற்றி நட்சத்திரம், ஒருத்தியின் கழுத்தில் ரோஸ் நிற இறகு மாலை, எல்லார் வாயிலும் பபிள்கம் ஊதி நிற்கிறது. நான் முதலில் சர்க்கஸ் என்றுதான் நினைத்தேன். எழுபதுகளில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் மினுக்கம் பூசிக்கொண்டு பாடினார்களாம், இன்னொரு பக்கம் பபிள்கம் பாட்டு என்றே ஒரு வகை இருந்ததாம். இந்தப் பெண்கள் முப்பது வருஷம் பிந்தி அந்த இரண்டின் மேலும் ஆசைப்பட்டுக் குழு தொடங்கியவர்களாம். தாங்கள் பார்க்காத காலத்துக்கு அப்படி ஏங்கியிருக்கிறார்கள். மூன்று சீடி போட்டுவிட்டுப் பிரிந்துவிட்டார்கள். இணையத்தில் அவர்களுடைய ஆறேழு பாட்டுகள் கிடைத்தன. ஏழாம் பாட்டு மட்டும் எங்கேயும் இல்லை.

அவர்களுடைய பழைய பக்கம் ஒன்றுக்கு ஜீவராணி கடிதம் எழுதினாள். பத்து வரி எழுத மூன்று வாரம் எடுத்தது. நாங்கள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம், உங்கள் சீடி எங்கள் வேனுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஏழாம் பாட்டின் மிச்சம் எங்களுக்குத் தெரியாது, தயவுசெய்து அனுப்புங்கள். அனுப்பிவிட்டு ஆறு மாதம் பார்த்திருந்தாள். நான் அவளைக் கேலி செய்தேன். வெள்ளிச் சப்பாத்துக்காரிகளுக்கு மேல்கணக்கைத் தெரியுமா என்றேன். 2024 ஜூனில் பதில் வந்தது. டிரம் அடித்தவளிடமிருந்து. இப்போது ஒரு சின்ன ஊரில் பூக்கடை வைத்திருக்கிறாளாம். இவளுக்கு விளங்கட்டும் என்று சின்னப்பிள்ளைகளுக்கு எழுதுகிற மாதிரி லேசான எழுத்தில் எழுதியிருந்தாள். வேனில் பதினாலு பேர் எங்கள் பாட்டைப் பாடுகிறார்கள் என்பதை வாசித்துவிட்டுக் கடையை அரைநாள் மூடிவிட்டேன் என்று எழுதியிருந்தாளாம். கூடவே பாட்டும் வந்திருந்தது. முழுசாக.

நான் வேனை ஓரம் கட்டிவிட்டேன்.

“போடு புள்ள, கேப்போம்.”

“இல்லீங்க நானா. ஷாமிளா வரட்டும். இன்னும் நாலு மாசந்தான?”

“நாலு மாசமா? எட்டு வருஷம் கேட்டவன் நானு. கொஞ்சம் போட்டாத்தான் என்ன?”

போடவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்டேன். “என்ன புள்ள, இன்னும் கேக்கல்லியா?” “கேக்கலீங்க.” பாட்டு அவள் போனில் அப்படியே கிடந்தது. அவள் விரல் பட்டால் பாடிவிடும். நாலு மாதம் அந்த விரலை அடக்கி வைத்திருந்தாள். என்னால் நாலு நாள் முடியாது.

ஒக்டோபரில் ஷாமிளா வரவில்லை. வேலை செய்கிற வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கேட்கிறாளாம், நடுத்தம்பிக்குப் படிப்பு முடியவில்லையாம். ஒரு வெள்ளிக்கிழமை போனில் அவளே சொன்னாள், இனிக் காத்திருக்க வேண்டாம், போனிலேயே போடு, அதுவும் சேர்ந்து கேட்பதுதானே என்று.

அடுத்த வெள்ளி மாலை மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினேன். அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். ஜீவராணியின் போனில் ஷாமிளா. பாட்டை என் போனுக்கு அனுப்பியிருந்தாள், பட்டனை அமத்திப் பாட்டைப் போட வேண்டியது நான். அமத்தினேன்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து பாடுவதைக் கேட்டேன். இவள் மேல் குரல், குவைத்திலிருந்து கீழ்க் குரல், கொஞ்சம் பிந்திப் பிந்தி வந்தது. கீறல் இருந்த அந்த இடம் வந்தது. ஜப்பான்காரிகள் நிதானமாக மேலே போனார்கள். இவர்கள் இரண்டு பேரும் “ஹேய்! ஹேய்!” என்று எட்டாம் பாட்டுக்குத் தாவிவிட்டார்கள். கைதட்டலோடு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கையும் ஸ்டியரிங்கில் தட்டிவிட்டது.

ஷாமிளா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். “எங்க பாட்டு அப்புடித்தான்டி! நானா, மறுபடி போடுங்க, இந்தவாட்டி வாயப் பொத்திக்கிறோம்.”

மறுபடி போட்டேன். இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஷாமிளா, “மேடம் கூப்புடுறாங்க,” என்றாள். அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது.

பாட்டு போய்க்கொண்டிருந்தது. நிறுத்தவா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மிச்சம் என்னவென்று எனக்கும் ஆசை. ஜீவராணியின் கை சீட்டைத் தாண்டி என் போன் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அவளாலும் முடியவில்லை. டிரம் அடங்கியது. ஒருத்தி மட்டும் பாடாமல், பேசுகிற மாதிரி நாலு வரி சொன்னாள். பிறகு மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள், கைதட்டல் வந்தது, முடிந்தது.

“என்ன புள்ள சொல்றாங்க?” என்றேன்.

ஜீவராணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இனிமே காத்திருக்க மாட்டேன்னு சொல்றா, நானா. வீட்டுக்குப் போறாளாம். வேற வேல இருக்காம்.”

நான் வேனை ஸ்டார்ட் பண்ணினேன். மேடம் கார்ட் இல்லை என்றாள். லயத்தில் இறங்கும்போது, என் போனில் இருக்கிற பாட்டை அழித்துவிடச் சொன்னாள். அவள் கண் முன்னாலேயே அழித்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு மனசே சரியில்லை. ஷாமிளாவிடம் ஜீவராணி என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் சத்தியம் போனது, அதோடு அந்த நாலு வரியையும் சொல்ல வேண்டும். அங்கே யாரோ வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு, இன்னும் இரண்டு வருஷம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை வந்தது. அதே மடுவத்தருகே நிறுத்தினேன். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“சொல்லுடி, எப்புடி முடியுது பாட்டு?” ஷாமிளாவின் முதல் கேள்வி அதுதான்.

“எனக்கெப்புடித் தெரியும்?” என்றாள் ஜீவராணி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. “நீ கட் ஆனதுமே நிப்பாட்டிட்டேன். பாட்டையும் அழிச்சிட்டேன். நீ வா. அந்த அக்காகிட்டயே திரும்பக் கேட்டு வாங்கிக்கலாம்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“மெய்யாவாடி? நானா, இவ சொல்றது மெய்யா? நீங்களும் கேக்கலயா?”

கண்ணாடியில் ஜீவராணி என்னைப் பார்த்தாள். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை எனக்கு.

“இல்ல புள்ள,” என்றேன். “நீ வராம நாங்க எப்புடிக் கேப்போம்?”